பெர்லின் சுவரடியில் ஒரு கொலை: ஃபெக்டர் குடும்பத்திடம் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த விசாரணை

1997 மார்ச்சில் பெர்லின் மாநில நீதிமன்றம், கிழக்கு ஜெர்மனியின் முன்னாள் எல்லைக் காவலர்கள் இருவரைக் குற்றவாளிகள் எனத் தீர்மானித்தது. 1962 ஆகஸ்டு 17 அன்று, பெர்லின் சுவரைத் தாண்ட முயன்ற பீட்டர் ஃபெக்டர் என்ற பதினெட்டு வயதுக் கொத்தனாரைச் சுட்டுக் கொன்றதே அவர்கள் மீதான குற்றச்சாட்டு. ஒருவருக்கு 20 மாதமும் மற்றவருக்கு 21 மாதமும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டும் நிறுத்திவைக்கப்பட்டதால் இருவரும் வீட்டுக்கே திரும்பினர். அன்று சுட்ட மூன்றாவது காவலர் வழக்கு தொடங்கும் முன்பே இறந்துவிட்டிருந்தார். தண்டனையின் அளவை மட்டும் பார்த்தால், ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டு காத்திருப்புக்கு இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் இந்த வழக்கு தண்டனையோடு முடிந்துவிடும் விஷயம் அன்று. ஒரு நகரம் இரண்டாகப் பிளந்தபோது ஒரு குடும்பமும் எப்படிப் பிளந்தது, ஒரு மகனின் சாவைப் பற்றிய உண்மைகளை அவனைப் பெற்றவர்களிடமிருந்தே ஓர் அரசு எப்படி மறைத்துவைத்தது என்பவை இந்த விசாரணையின் வழியாகத்தான் ஒரு நீதிமன்றத்தின் பதிவுக்குள் வந்தன.

பீட்டர் 1944 ஜனவரி 14 அன்று பெர்லினில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் மூன்றாமவர், ஒரே ஆண்பிள்ளை. தந்தை இயந்திரம் கட்டும் தொழிலாளி, தாய் கடை விற்பனையாளர். நகரின் வடகிழக்கில், சோவியத் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்த வைசன்ஸே என்ற இடத்தில் அவர்கள் வாழ்ந்தனர். பதினான்கு வயதில் பள்ளியை விட்ட பீட்டர் கொத்துவேலை கற்றுக்கொண்டார். மூத்த அக்கா 1956இல் திருமணமாகி மேற்கு பெர்லினில் குடியேறினார். அன்றைய பெர்லினில் இது ஊர்விட்டு ஊர் போவதுகூட இல்லை. ஒரே நகரத்தின் இன்னொரு பேட்டைக்குப் போவது போன்றதுதான். நகர ரயிலும் சுரங்க ரயிலும் இரு பகுதிகளுக்கும் ஓடின. கிழக்கில் குடியிருந்துகொண்டு மேற்கில் வேலை பார்த்தவர்கள் மட்டும் சுமார் 60,000 பேர். ஃபெக்டர் குடும்பமும் மகள் வீட்டுக்குத் தவறாமல் போய்வந்துகொண்டிருந்தது.

பிளவின் அடையாளங்கள் சுவருக்கு முன்பே இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். இரு பெர்லின்களுக்கும் இடையிலான தொலைபேசி இணைப்புகளைக் கிழக்கு ஜெர்மனி 1952லேயே துண்டித்துவிட்டது. அவை மீண்டும் உயிர்பெற்றது 1971இல்தான். எனவே 1956க்குப் பிறகு அந்தத் தாய்க்கு மகளிடம் பேச வேண்டுமென்றால் நேரில் போக வேண்டும், அல்லது கடிதம் எழுத வேண்டும். 1961 ஆகஸ்டு 13 அதிகாலை முள்கம்பி இழுக்கப்பட்டபோது நேரில் போகும் வழி அடைந்தது. பத்து நாள் கழித்து மேற்கு பெர்லின்வாசிகள் கிழக்குப் பகுதிக்குள் வருவதும் நின்றது. 1963 டிசம்பரில் கிறிஸ்துமஸ் காலத்துக்கென முதல் அனுமதிச் சீட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, ஒரே நகரத்தில் வாழ்ந்த பெற்றோரும் பிள்ளைகளும் சட்டப்படி ஒருவரையொருவர் பார்க்க முடியாத நிலை. பீட்டர் இறந்ததும் அடக்கம் செய்யப்பட்டதும் இந்த இடைவெளிக்குள் நடந்தவை.

பீட்டர் தப்பியோட நினைத்ததற்கு அக்காவைப் பிரிந்ததே காரணம் என்று ஒற்றை வரியில் எழுதிவிடுவது எளிது. நான் அப்படி எழுத மாட்டேன். பதினெட்டு வயது இளைஞனின் மனத்தில் பல ஆசைகள் சேர்ந்தே இருக்கும். ஆனால் சுவருக்கு அப்பால் இருந்தது அவருக்கு அந்நிய நாடு அன்று, போய்ப் பழகிய வீடு என்பதை மறந்துவிட்டு அந்த நாளைப் புரிந்துகொள்ள முடியாது.

அவரும் உடன் வேலைசெய்த ஹெல்முட் குல்பைக்கும் உண்டர் டென் லிண்டன் சாலையில் ஒரு பழைய அரண்மனையைப் புதுப்பிக்கும் பணியில் இருந்தனர். எல்லை அங்கிருந்து நடந்துபோகும் தூரம். அக்கம்பக்கத்தை நோட்டம் விட்டபோது, சிம்மர் தெருவில் எல்லையை ஒட்டி நின்ற கட்டடம் ஒன்றில் தச்சுப்பட்டறை இருப்பதையும், அதன் பின்புறச் சன்னல் ஒன்று இன்னும் செங்கல் வைத்து அடைக்கப்படாமல் இருப்பதையும் கண்டுபிடித்தனர். எல்லையோரக் கட்டடங்களின் வாசல்களையும் சன்னல்களையும் செங்கல் கட்டி மூடும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. கொத்தனார்கள் இருவரின் கண்ணில் அந்த விட்டுப்போன இடம் பட்டதில் வியப்பில்லை. ஆகஸ்டு 17 நண்பகலில் உணவு இடைவேளைக்குப் பிறகு இருவரும் வேலைக்குத் திரும்பாமல் அந்தப் பட்டறைக்குள் நுழைந்து பதுங்கிக்கொண்டனர். பிற்பகல் இரண்டே கால் மணியளவில் சன்னல் வழியாகக் குதித்து, முள்கம்பியைத் தாண்டி, சுவரை நோக்கி ஓடினர்.

காவலர்கள் சுட்டனர். குல்பைக் சுவரேறி மேற்கில் விழுந்து தப்பினார். பீட்டர் சுவரடியில் ஒரு கணம் உறைந்தவர்போல் நின்றுவிட்டார் என்பதும், நண்பர் கூவி அழைத்தும் அவர் அசையவில்லை என்பதும் சாட்சியங்களில் பதிவாகியுள்ளன. அவர் சுடப்பட்டுச் சுவரின் கிழக்குப் பக்கத்திலேயே சரிந்தார். உதவி கேட்டுக் கத்தினார். மேற்குப் பகுதிக் காவல்துறையினர் ஏணி வைத்து ஏறிச் சுவரின் மேலிருந்து கட்டுத்துணிப் பொட்டலங்களை வீசினர். அவற்றைத் தன் காயத்தில் வைத்துக் கட்டும் நிலையில் அவர் இல்லை. சுவரைத் தாண்டி இறங்கினால் தங்களையும் சுடுவார்கள் என்று அவர்கள் அஞ்சினர். மிக அருகிலேயே இருந்த எல்லைச் சாவடியான செக்பாயிண்ட் சார்லியின் அமெரிக்கப் படைவீரர்களுக்கு எல்லைக்கோட்டைத் தாண்ட உத்தரவில்லை. கிழக்குக் காவலர்களும் நெருங்கவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் இப்படிக் கழிந்தது. கதறல் முனகலாகி அடங்கிய பிறகே கிழக்குக் காவலர்கள் வந்து உடலைத் தூக்கிச் சென்றனர். அவர் இறந்துவிட்டதாக மருத்துவமனை அன்று மாலை அறிவித்தது.

நான்கு சீருடைக்காரர்கள் துவண்ட உடலைத் தூக்கிக்கொண்டு போகும் ஒளிப்படம் அன்றே எடுக்கப்பட்டு உலகம் முழுவதும் பரவியது. அதிலிருந்து பீட்டர் ஃபெக்டர் மேற்கு பெர்லினுக்குச் சொந்தமானவர் ஆனார். அங்கே ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்து 'கொலைகாரர்கள்' என்று முழக்கமிட்டனர். சோவியத் படையினரின் வாகனத்தின் மீது கல் எறிந்தனர். கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்காக அமெரிக்கர்கள் மீதும் கோபம் திரும்பியது. அவர் விழுந்த இடத்துக்கு நேர் எதிரே, சுவரின் மேற்குப் பக்கத்தில் மரச்சிலுவை நடப்பட்டது. அந்தச் சிலுவையை அவரைப் பெற்றவர்கள் போய்ப் பார்க்க முடியாது.

பெற்றோருக்குக் கிடைத்தது வேறு வகையான வருகை. ஸ்டாசி எனப்படும் அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்தின், அதாவது கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல்துறையின், ஆட்கள் வீட்டைச் சோதனையிட்டனர், குடும்பத்தினரை விசாரித்தனர். மகனை இழந்த வீடு என்ற நிலை மாறி, குற்றவாளியின் வீடு என்ற நிலை வந்தது. அரசுத் தொலைக்காட்சியின் முதன்மை அரசியல் விமர்சகர், சீருடை அணிந்த தங்கள் வீரர்களின் உயிர் ஒரு சட்டமீறியின் உயிரைவிட மேலானது என்ற பொருளில் பேசினார். ஆகஸ்டு 27 அன்று வைசன்ஸே கல்லறைத் தோட்டத்தில் நடந்த அடக்கத்துக்குச் சில நூறு பேர் வந்தனர். வந்தவர்களை ஸ்டாசி கண்காணித்தது. அடுத்து வந்த ஆண்டுகளிலும் குடும்பத்தின் மீதான நெருக்கடி விலகவில்லை. தந்தை மனமுடைந்து 1968இல் இறந்தார். தாய்க்கு மனநோய் வந்தது. சொந்த மகனைப் பற்றி வெளிப்படையாக அழவும் முடியாத வீட்டில் அந்தத் தாய் எப்படி நாட்களைக் கடத்தியிருப்பார் என்று எண்ணும்போது, அந்தப் புகழ்பெற்ற ஒளிப்படத்தை இனி வெறும் வரலாற்றுப் படமாகப் பார்க்க முடிவதில்லை.

இனி விசாரணைக்கு வருவோம். இந்தச் சாவுக்கு இரண்டு அரசுகள் இரண்டு விதமான கோப்புகளைத் திறந்தன. மேற்கில் சாட்சிகளின் வாக்குமூலங்களும் படங்களும் சேகரிக்கப்பட்டன. எல்லையில் நடக்கும் கொலைகளையும் பிற அரசியல் குற்றங்களையும் என்றாவது ஒருநாள் நீதிமன்றத்தின் முன் வைக்கும் நோக்கத்தோடு பதிவு செய்துவைக்க, 1961 நவம்பரிலேயே சால்ஸ்கிட்டர் என்ற ஊரில் மேற்கு ஜெர்மனியின் மாநிலங்கள் ஒரு மையப் பதிவு நிலையத்தைத் தொடங்கியிருந்தன. யாரையும் கைதுசெய்ய அதற்கு வழியில்லை. எழுதிவைப்பது மட்டுமே அதன் வேலை. 1990 வரை அது 41,000க்கும் மேற்பட்ட நிகழ்வுகளைப் பதிவு செய்தது. இந்த நிலையத்தை மூட வேண்டும் என்று கிழக்கு ஜெர்மனி மீண்டும் மீண்டும் வற்புறுத்தியதிலிருந்தே, வெறும் எழுத்தைக் கண்டு அந்த அரசு எவ்வளவு அஞ்சியது என்பது விளங்கும்.

கிழக்கிலோ, சுட்டவர்கள் யார், எந்த இடத்தில் நின்றனர், எத்தனை குண்டுகள் செலவாயின என்பதெல்லாம் எல்லைப் படையின் அறிக்கையில் எழுதப்பட்டு உள்ளே போயின. மேற்கத்திய சாட்சிகள் கண்டது புகையையும் சீருடையையும்தான்; அந்தச் சீருடைக்குள் இருந்தவரின் பெயர் கிழக்கின் அலமாரியில் இருந்தது. குற்றத்தைக் கண்ட சாட்சி ஒரு நாட்டிலும், குற்றவாளியின் பெயர் மறு நாட்டிலும், கொல்லப்பட்டவரின் குடும்பம் அந்தப் பெயரைக் கேட்கவே முடியாத நிலையிலும் இருந்ததால், இருபத்தெட்டு ஆண்டுகள் இந்தக் கொலை வழக்கு நகர வழியே இல்லாமல் கிடந்தது. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகுதான் இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்கு வந்தன.

வந்த பிறகும் சட்டத்தில் மூன்று முடிச்சுகள் இருந்தன. முதலாவது, கிழக்கு ஜெர்மனியில் நடந்த செயலை எந்தச் சட்டத்தைக் கொண்டு அளப்பது என்பது. செயல் நடந்தபோது அங்கே நடப்பில் இருந்த சட்டத்தையும் கூட்டாட்சி ஜெர்மனியின் (முன்பு மேற்கு ஜெர்மனி) சட்டத்தையும் ஒப்பிட்டு, எது குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமோ அதைக் கொள்ள வேண்டும் என்பது விதி. இரண்டாவது, 'உத்தரவுப்படி சுட்டோம், அன்றைய சட்டம் அதை அனுமதித்தது' என்ற வாதம். கூட்டாட்சி உயர்நீதிமன்றம் 1992 நவம்பரில் வேறொரு சுவர்க் கொலை வழக்கில் இதற்குப் பதிலளித்தது: ஆயுதமில்லாமல் ஓடும் ஒருவரை எல்லையைக் கடக்கவிடாமல் தடுப்பதற்காகவே கொல்வதை ஒரு சட்டம் அனுமதிக்குமானால், அந்த அனுமதி நீதியோடும் மனித உரிமைகளோடும் சகிக்க முடியாத அளவுக்கு முரண்படுவதால், அதை நியாயமாக ஏற்க முடியாது. நாஜி ஆட்சியின் அனுபவத்திலிருந்து சட்ட அறிஞர் குஸ்டாவ் ராட்புரூக் 1946இல் வகுத்த கருத்தே இதற்கு அடிப்படை. 1996இல் கூட்டாட்சி அரசியல்சாசன நீதிமன்றமும், 2001இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் இந்தப் போக்கை உறுதிசெய்தன. இது வென்றவர்கள் தோற்றவர்கள் மீது திணித்த நீதி என்ற விமர்சனம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைப் புறந்தள்ள வேண்டியதில்லை. ஆனால் கிழக்கு ஜெர்மனியின் சொந்த அரசியல்சாசனமும் குடிமக்களின் உயிரைக் காப்பதாகவே வாக்களித்திருந்தது என்பதை நீதிமன்றங்கள் சுட்டிக்காட்டியதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மூன்றாவது முடிச்சு காலவரம்பு. ஜெர்மானியச் சட்டம் வேண்டுமென்றே செய்யும் உயிர்ப்பறிப்பை இரண்டாகப் பிரிக்கிறது. வஞ்சகம், பேராசை, கொடூரம் முதலிய குறிப்பிட்ட இழிதன்மைகள் கலந்தது கொடுங்கொலை. அதற்கு ஆயுள் தண்டனை, 1979 முதல் காலவரம்பும் கிடையாது. அந்தத் தன்மைகள் இல்லாதது ஆட்கொலை. சாதாரணமாக இருபது ஆண்டு கடந்தால் அதற்கு வழக்கில்லை. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, ஓடுபவரை நோக்கிக் காவலர்கள் சுட்டதை நீதிமன்றங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையிலேயே சேர்த்தன. 1962க்குப் பின் இருபது ஆண்டு என்றால் 1982லேயே கதவு மூடியிருக்க வேண்டும். கட்சியும் அரசும் வழக்குத் தொடுக்க விடாமல் தடுத்த காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நாடாளுமன்றம் 1993இல் இயற்றிய சட்டத்தால்தான் ஃபெக்டர் வழக்குக்கு உயிர் வந்தது.

இந்த வழக்கை முன்னுக்குக் கொண்டுவந்தவர் பீட்டரின் இளைய தங்கை. 1990இல் அவர் புகார் கொடுத்தார். ஜெர்மானியக் குற்றவியல் நடைமுறையில், கொல்லப்பட்டவரின் பெற்றோரும் பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் அரசு வழக்கறிஞருக்கு அருகில் இணை வழக்காளிகளாக அமர முடியும். தம் வழக்கறிஞர் மூலம் கோப்புகளைப் படிக்கலாம், சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், புதிய ஆதாரம் கோரலாம். நம் நாட்டு நீதிமன்றங்களில் பாதிக்கப்பட்டவரின் குடும்பம் பெரும்பாலும் பார்வையாளர் வரிசையில் காத்திருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த உரிமையின் கனம் உடனே பிடிபடாமல் போகலாம். தாங்கள் கண்காணிக்கப்பட்ட, விசாரிக்கப்பட்ட, பேச அனுமதிக்கப்படாத காலமெல்லாம் கடந்து, அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் கேள்வி கேட்கும் இடத்தில் அமர்ந்தார். தாயும் தந்தையும் அப்போது உயிருடன் இல்லை.

நீதிமன்றத்தில் காவலர்கள் இருவரும் சுட்டதை ஒப்புக்கொண்டனர். கொல்லும் எண்ணம் இருக்கவில்லை என்றனர். உயிரைக் குடித்த குண்டு மூவரில் யாருடைய துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதைத் தீர்மானிக்க முடியவில்லை. சேர்ந்து செய்த ஆட்கொலை என்றே தீர்ப்பு அமைந்தது. தடயவியல் மருத்துவரின் கருத்து வேறொரு திசையிலிருந்து வந்தது. காயத்தின் தன்மையைப் பார்க்கும்போது, உடனே உதவி கிடைத்திருந்தாலும் பீட்டர் பிழைத்திருக்க மாட்டார் என்றார் அவர். அந்த ஒரு மணி நேரம்தான் அவரைக் கொன்றது என்று உலகம் முப்பத்தைந்து ஆண்டு நம்பியிருந்தது. சட்டத்தின் பார்வையில் இந்தக் கருத்து, கைவிட்டதற்கான குற்றப்பொறுப்பிலிருந்து பலரை விடுவிக்கிறது. குடும்பத்துக்கு இது ஆறுதலா, மேலும் ஒரு வலியா என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. என் மதிப்பீட்டில், பிழைக்க வழியில்லாத ஒருவரின் கைகளைப் பற்றிக்கொள்ளக்கூட யாரும் இறங்கிவரவில்லை என்ற உண்மையின் பாரம் அந்த மருத்துவக் கருத்தால் துளியும் குறையவில்லை.

தண்டனை ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கும் விடை உண்டு. குற்றம் நிகழ்ந்தபோது காவலர்கள் இளைஞர்கள், கட்டளைச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள், சிறு வயது முதல் ஒரே கருத்தில் வார்க்கப்பட்டவர்கள் என்பதை நீதிமன்றங்கள் தொடர்ந்து கணக்கில் கொண்டன. பெர்லினில் எல்லைக் கொலைகளுக்காக 246 பேர் மீது 112 வழக்குகள் நடந்தன. 132 பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் சுட்ட சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையே கிடைத்தது. கடுமையான தண்டனை மேலே இருந்தவர்களுக்குப் போனது: பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஹைன்ஸ் கெஸ்லருக்கு 1993இல் ஏழரை ஆண்டு, ஆளுங்கட்சியின் கடைசிப் பொதுச் செயலாளர் எகோன் கிரென்ஸுக்கு 1997இல் ஆறரை ஆண்டு. நாட்டை நீண்டகாலம் ஆண்ட எரிக் ஹொனெக்கரோ ஈரல் புற்றுநோயைக் காரணம் காட்டி விடுவிக்கப்பட்டு, சிலிக்குப் போய் 1994இல் இறந்தார். விசையை அழுத்திய விரலைவிட உத்தரவு எழுதிய கைக்குப் பொறுப்பு அதிகம் என்ற இந்த வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது, ஃபெக்டர் தீர்ப்பின் இருபது மாதம் மனத்தை உறுத்தினாலும்.

பொய்யில் வாழ வைக்கப்பட்டது தப்பியோடியவர்களின் குடும்பங்கள் மட்டும் அன்று. 1964 அக்டோபரில், சுவருக்கு அடியில் தோண்டிய சுரங்கப்பாதை வழியாக 57 பேர் தப்பிய இடத்தில், எகோன் ஷுல்ட்ஸ் என்ற இளம் கிழக்கு ஜெர்மன் காவலர் சுடப்பட்டு இறந்தார். மேற்கிலிருந்து வந்த ஏஜெண்டுகள் அவரைக் கொன்றனர் என்று அரசு அறிவித்து, அவரைத் தியாகியாக்கியது. பள்ளிகளுக்கு அவர் பெயரைச் சூட்டியது. இணைப்புக்குப் பிறகு நடந்த விசாரணையில், தப்பிக்க உதவியவர்களில் ஒருவர் சுட்டதில் ஷுல்ட்ஸ் காயமடைந்தது உண்மை என்றாலும், உயிரைப் பறித்தது இருட்டில் அவருடைய சொந்தத் தோழர் சுட்ட குண்டே என்பது வெளிவந்தது. ஸ்டாசிக்கு உடற்கூறாய்விலிருந்தே அது தெரிந்திருந்தது. மகன் எப்படி இறந்தான் என்ற உண்மை ஷுல்ட்ஸின் வீட்டுக்கும் மறுக்கப்பட்டது. மேற்கிலே ஓர் இளைஞர் தன்னைக் கொலைகாரனாகக் கருதியபடியே பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

கொடுங்கொலைக்கும் ஆட்கொலைக்கும் இடையிலான அந்தச் சட்டக் கோடு இன்றும் உயிரோடிருக்கிறது. 1974 மார்ச்சில் ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸ எல்லைச் சாவடியில், போலந்து நாட்டவரான செஸ்வாஃப் குகுச்கா பின்னாலிருந்து சுடப்பட்டு இறந்தார். மேற்கு பெர்லினுக்குப் போக அனுமதி என்று சொல்லி, சோதனைகளைக் கடந்து நடக்கவிட்டு, கடைசிக் கட்டத்தில் சுட்டனர். நம்பவைத்துக் கொன்றது வஞ்சகம், வஞ்சகம் இருந்தால் கொடுங்கொலை, கொடுங்கொலைக்குக் காலவரம்பில்லை. ஸ்டாசி தன் ஆளுக்குப் பதக்கம் வழங்கப் பரிந்துரைத்த பழைய ஆவணமே பெயரைக் காட்டிக்கொடுத்தது. 2024 அக்டோபரில் பெர்லின் நீதிமன்றம் எண்பது வயது முன்னாள் ஸ்டாசி அதிகாரிக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. குகுச்காவின் பிள்ளைகள் இணை வழக்காளிகளாக இருந்தனர். பீட்டர் ஃபெக்டரைப் போல ஆட்கொலை என்று வகைப்படுத்தப்பட்ட மற்ற எல்லைச் சாவுகளுக்குப் புதிதாக வழக்குத் தொடுக்க இனி ஜெர்மானியச் சட்டத்தில் இடமில்லை. அந்தக் குடும்பங்களுக்கு மிஞ்சியிருப்பவை, விண்ணப்பம் கொடுத்துப் படிக்கக் கிடைக்கும் கோப்புகள்தான்.